மழைக்கு ஒதுங்க ஒரு கல்மண்டபம்

சடசடவென்று மழை. இங்கிலாந்தின் மாம்ஸ்பரி ஊர்க் கடைவீதியில் நின்றவர்கள் எல்லாரும் ஓடி ஒதுங்கியது அந்தக் கல்மண்டபத்துக்குள்தான். நானும்.

சந்தை கூடும் இடத்தில் நிற்கும் இப்படிப்பட்ட மண்டபங்களை இங்கே சந்தைச் சிலுவை (market cross) என்கிறார்கள். இது 1490 வாக்கில் கட்டியது.

நிமிர்ந்து பார்த்தேன். எட்டு வளைவுகள். நடுவில் ஒற்றைத் தூண். அதிலிருந்து கல் விலாக்கள் விரிந்து கூரை முழுவதையும் தாங்குகின்றன. கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினாறாம் நூற்றாண்டில், எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், ஊர் ஊராகச் சுற்றிக் குறிப்பெழுதிய ஜான் லேலண்ட் இங்கேயும் வந்திருக்கிறார். இதை ஏழைச் சந்தைக்காரர்கள் மழையில் நனையாமல் நிற்க ஊரார் கட்டியது என்று குறித்து வைத்திருக்கிறார்.

கூடைக்காரிகளுக்காக இத்தனை நுணுக்கமான கல்வேலை! மனசு நிறைந்துபோனது.

இன்று இது முதல் தரப் பாதுகாப்புச் சின்னம். அனுமதியில்லாமல் இதன் அமைப்பில் கைவைக்க முடியாது. ஆனால் பூட்டு இல்லை, டிக்கெட் இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து நிற்கலாம். பழைய கட்டடத்தை இப்படித்தான் காக்க வேண்டும், அது எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையைச் செய்யவிட்டு.

சிசெஸ்டரிலும் ஒன்று இருக்கிறது, 1501-இல் பிஷப் எட்வர்ட் ஸ்டோரி கட்டியது. அந்தக் காலத்தில் அங்கே ஏழைகள் சுங்கம் கட்டாமல் விற்க முடிந்ததாம். அடுத்து அங்கேதான் போகவேண்டும்.