தங்கப் பவுடரும் மீடியமும்

மதுரைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு கேட் மேல் ஒரு தனி ஆசை. ஹால் சுவருக்கு என்ன கலர் என்று கேட்டால் "உங்க இஷ்டம்" என்று போய்விடுவார்கள். கேட்டுக்கு பெயிண்ட் அடிக்கும்போது மட்டும் பக்கத்திலேயே நிற்பார்கள். கறுப்பு அடித்து, ஈட்டி முனைக்கும் பூ வேலைக்கும் தங்கக் கலர் வைக்க வேண்டும். வைத்து முடித்ததும் அந்தக் கேள்வி வரும்: "அண்ணே, எத்தனை வருசத்துக்கு இப்படியே மின்னும்?"

பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிற எனக்கு இதற்கு ஒரே பதிலாகச் சொல்லத் தெரியவில்லை. எந்தப் பவுடர் என்பதைவிட எதில் கலக்கினோம் என்பதுதான் முக்கியம். ஆனால் கடையில் எல்லாரும் பவுடர் விலையைத்தான் பேரம் பேசுகிறார்கள். அதைக் கலக்குகிற திரவத்தை, அதாவது பவுடரைத் தாங்கிப் பிடிக்கிற மீடியத்தைப் பற்றி யாரும் விசாரிப்பதே இல்லை.

தங்கப் பவுடரில் தங்கம் கிடையாது, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளைதான். நூற்றுக்கு 90 பங்கு செம்பு இருந்தால் சிவப்போடிய தங்கம். செம்பு 70-க்கு இறங்கினால் பச்சை சாயலடிக்கிற மஞ்சள் தங்கம். எஃகு காய்ச்சும் முறையை 1856-இல் அறிவித்த ஹென்றி பெஸ்ஸமர் அதற்கு முன்னால் காசு பார்த்தது இந்தப் பவுடரில்தான். ஜெர்மனியில் தகட்டைத் தட்டித் தட்டி, கையால் அரைத்து எடுத்த பவுடர் அப்போது இங்கிலாந்தில் யானை விலை. 1840-களில் அவர் அதற்கு மெஷின் செய்தார். ரகசியம் வெளியே போகக் கூடாது என்று மச்சினன்மார்களையே வேலைக்கு வைத்துக்கொண்டார். நம்ம ஊர்க் கணக்குதான்!

பித்தளைக் குத்துவிளக்கை அம்மாக்கள் ஏன் புளி போட்டு விளக்குகிறார்கள்? புளியில் இருக்கிற அமிலம் செம்பின் மேல் படிந்த களிம்பைக் கரைக்கிறது. அமிலத்துக்கும் செம்புக்கும் உள்ள அதே உறவுதான் பெயிண்டில் நமக்கு எதிராக வேலை செய்கிறது. மீடியத்தில் அமிலம் இருந்தால் டப்பாவுக்குள்ளேயே பவுடரைத் தின்ன ஆரம்பித்துவிடும். ஆளி விதை எண்ணெயில் கலக்கி வைத்த தங்கக் கலரை சில நாள் கழித்துத் திறந்து பாருங்கள்: ஓரத்தில் பச்சை கட்டி, கூழாகி நிற்கும். அதனால்தான் தங்கத்துக்கென்று அமிலம் குறைந்த மீடியத்தைத் தனியாக விற்கிறார்கள். அதையும் அன்றைக்கு அடிக்கிற அளவுக்குத்தான் கலக்க வேண்டும். முந்தின நாளே கலக்கி வைத்துவிட்டு "பவுடர் மட்டம்ணே" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிற பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மினுக்கம் எப்படி வருகிறது என்பது இன்னொரு விஷயம். பவுடர் என்கிறோமே தவிர, அது உருண்டையான தூள் இல்லை, செதில். அகலம் பத்து இருபது மைக்ரான் இருந்தால், தடிமன் ஒரு மைக்ரான்கூட இருக்காது. செதில்கள் தட்டையாகப் படுத்தால்தான் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஏறுக்குமாறாக நின்றால் ஒரே மங்கல். சித்திரை வெயிலில் மத்தியானம் கேட்டைத் தொட்டால் கை பொசுங்கும். அதன்மேல் ஸ்ப்ரே பண்ணினால், செதில் படுக்குமுன்னே தின்னர் பறந்துவிடும். திட்டுத் திட்டாக, சொரசொரவென்று வரும். காலை வெயில் ஏறுமுன் அடிப்பேன்; முடியாவிட்டால் மெதுவாகக் காயும் தின்னர். ஆடிக் காற்றில் வெளியே ஸ்ப்ரே வேலையே வேண்டாம். கலக்குவதும் கையால்தான், மெதுவாக. டிரில்லில் கம்பி மாட்டிச் சுழற்றினால் செதில் மடங்கிப்போகும்.

சில்வர் பெயிண்ட் கையில் ஒட்டுகிறது என்று எல்லாரும் குறை சொல்வார்கள். அந்த அலுமினியச் செதிலுக்கு ஸ்டியரிக் அமிலப் பூச்சு உண்டு. அதனால் செதில்கள் மேலே மிதந்து வந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. கண்ணாடி மாதிரி தெரிவதும் அதனால், கையோடு வருவதும் அதனால். இரும்புத் தொட்டிக்கும் தகரக் கூரைக்கும் அது அருமையான சரக்கு. ஈரத்தையும் வெயிலையும் நன்றாகவே தடுக்கும். கை படுகிற கிரில்லுக்கு வேறு ரகம் இருக்கிறது: செதில் மேலே வராமல் பெயிண்டுக்குள்ளேயே நிற்கும், மேலே கிளியர், அதாவது நிறமில்லாத பூச்சு, அடிக்கலாம். மிதக்கிற ரகத்தின் மேல் கிளியர் அடித்தால் மினுக்கமும் போகும், கிளியரும் சரியாகப் பிடிக்காது.

சாதா அலுமினியப் பேஸ்ட்டை தண்ணீர் பெயிண்டில் கலக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தை: கூடாது. தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் கிளம்பும். மூடிய டப்பா உப்பும், சில சமயம் மூடி தெறிக்கும். உலர்ந்த பவுடரைக் கொட்டும்போது பீடியும் கூடாது, ஃபேனும் கூடாது. காற்றில் பறக்கிற அலுமினியத் தூளுக்கு ஒரு பொறி போதும். மாஸ்க் போடச் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள். போடாதவனுக்கு நான் பவுடர் டப்பாவைத் தருவதில்லை.

விளாச்சேரியில் செய்கிற கொலு பொம்மைகளின் நகைக்கெல்லாம் தங்கப் பவுடர் தாராளமாகப் போதும். வெயில் மழை பார்க்காமல், வருசத்தில் முக்கால்வாசி நாள் பெட்டிக்குள் இருக்கிற பொருள் அது. கேட் அப்படியில்லை. அதனால் இப்போது கேட்டுக்கு மைக்கா பவுடரைத்தான் சொல்கிறேன். அபிரகச் செதிலின் மேல் இரும்பு ஆக்ஸைடு பூசியது. அதில் செம்பு இல்லாததால் பச்சை பூக்காது. ஆனால் ஒளி ஊடுருவும். அடியில் மஞ்சள் கோட் கொடுக்காமல் நேரே அடித்தால் சோகையாக இருக்கும். பித்தளையின் அந்தப் பழுத்த மினுக்கமும் இதில் கிடைக்காது. அது எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். "மினுக்கம் கொஞ்சம் கம்மி, ஆனா கறுக்காது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப் பேருக்கு தங்கப் பவுடரே அடித்து, மேலே நல்ல கிளியர் இரண்டு கோட். அதுவும் கறுப்பதைத் தள்ளிப்போடும், தடுக்காது.

டச்சப் ஒன்று பாக்கி. பைக் உரசி விட்டது, அந்த இடத்தில் மட்டும் லேசாகத் தொட்டு விடுங்கள் என்பார்கள். அதே டப்பா, அதே பெயிண்ட் என்றாலும், புதிதாகத் தொட்ட இடத்தில் செதில் வேறு கோணத்தில் படுக்கும். நேரே நின்று பார்த்தால் தெரியாது. தெருவிலிருந்து சாய்ந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். அதனால் ஒரு ஃபிரேமுக்கு உள்ளே மூலைக்கு மூலை முழுசாக அடித்துத் தருவேன். காசு கூடத்தான் ஆகும்.