ஊறுகாய் பாக்கெட்

சாயங்காலம் ஆறரை மணி என்றால் எனக்கு இப்போதும் கொஞ்சம் பயம்தான். லேத் பட்டறையில் வேலை முடிந்து, கையிலிருக்கும் கிரீஸைக் கழுவி, வண்டியை எடுத்தால் அது தானாகவே கடைப் பக்கம் திரும்பும். பதினோரு வருடப் பழக்கம். குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது, நடுவில் ஒரு ராத்திரி போக.

முதலில் ஒன்று. தினமும் குடிக்கிறவர்கள் ரோஷத்தில் திடீரென்று தாங்களாகவே நிறுத்தக் கூடாது. போன வருடம் நான் அப்படித்தான் செய்தேன். அன்று ராத்திரியே கை நடுக்கம், வேர்வை. இரண்டாம் நாள் வலிப்பு. இந்த முறை மருத்துவமனையில் சேர்ந்தேன். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்கள். நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்து, அப்புறம்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஆரம்பித்தது ஆறரை மணித் தொல்லை. "ஆசை வந்தா அதோட மல்லுக்கு நிக்காதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. இருபது நிமிஷம், அரை மணியில இறங்கிடும்" என்று குடியை விட ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் சொல்லியிருந்தார். எனக்கு நம்பிக்கை இல்லை. சரி, பார்ப்போம் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆறு முப்பத்தைந்துக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆறு நாற்பதுக்கு, 'ஒரு குவார்ட்டர்தானே, நாளையிலிருந்து விட்டுவிடலாம்' என்று எனக்கு நானே வக்கீல். பேசாமல் இரண்டு வடை வாங்கித் தின்றேன். ஏழு மணிக்குப் பார்த்தால் பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவனுக்கு வந்த பசியையும் சேர்த்துத்தான் இத்தனை வருடம் சரக்கு ஊற்றி அணைத்திருக்கிறேன்! மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கே இரண்டு வாழைப்பழம்.

சம்பளத்தை மனைவி கணக்கில் போடச் சொல்லிவிட்டேன். பையில் ஐம்பது ரூபாய்க்கு மேல் இருக்காது. நாற்பத்தொரு வயதில் பெட்ரோலுக்குக் கேட்டு வாங்குவது அவமானம்தான். ஆனால் கடை வாசல் வரை போய், பைக்குள் கையை விட்டு, அந்த ஐம்பது ரூபாய் நோட்டைப் பார்த்துத் திரும்பி வந்த நாளும் உண்டு.

ஒன்பதாவது வாரம் ஒரு கல்யாண வீட்டில் சறுக்கினேன். விடிந்ததும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு) கூட்டத்தில் பழக்கமான அண்ணனுக்குப் போன் செய்து, "அண்ணே, குடிச்சிட்டேன்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சாப்டியா? சாப்பிட்டுட்டு சாயங்காலம் கூட்டத்துக்கு வந்துரு தம்பி" என்றார். அவ்வளவுதான். போனேன்.

நான் எதிர்பார்க்காதது ஊறுகாய். ஒரு ஞாயிறு மத்தியானம் மனைவி சின்ன ஊறுகாய் பாக்கெட் ஒன்றைக் கிழித்து தயிர்சாதத்தின் ஓரத்தில் பிதுக்கினாள். அந்த எலுமிச்சை வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் கண் முன்னால் வந்துவிட்டன. தட்டை அப்படியே வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டேன்.

"என்னங்க, உப்பு கூடிப்போச்சா?" என்று பின்னாலேயே வந்தாள். சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கீழே போய், ஆணியில் தொங்கிய பாக்கெட் சரத்தை அப்படியே எடுத்துக் குப்பையில் போட்டாள்.

இப்போது வீட்டில் ஜாடி மாங்காய்தான். அதனால் ஒன்றும் இல்லை, நன்றாகவே சாப்பிடுகிறேன். பாக்கெட் கிழிகிற சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவேன்.