டேப் இருக்கிறது, ரோபோவைக் காணோம்

எங்கள் அலுவலகக் கணக்குகளின் பேக்கப்புக்காக வாங்கியது எட்டு ஸ்லாட் எல்டிஓ ஆட்டோலோடர்: எட்டு டேப்பை வைத்துக்கொண்டு, கேட்டதை ரோபோ கையால் எடுத்து டிரைவில் போடும் பெட்டி. பெங்களூரு ஒயிட்ஃபீல்டு டேட்டா சென்டரில் லினக்ஸ் சர்வருக்குக் கீழே மாட்டியாயிற்று. மாட்டியிருக்கும் ஸ்கஸி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஸ்கஸி கட்டளையை அடித்தால் டேப் டிரைவ் வருகிறது. 'மீடியம்எக்ஸ்' என்று வரவேண்டிய சேஞ்சர், அதாவது டேப் மாற்றும் ரோபோவின் வரி மட்டும் இல்லை. எழுத ஆள் உண்டு, டேப்பை எடுத்துக் கொடுக்க ஆளில்லை.

விற்றவர்களின் உதவி எண்ணில் மூன்று முறையும் ஒரே பதில்: "டிரைவரை அப்டேட் பண்ணுங்க சார்." எந்த டிரைவரை? டேப்புக்கான எஸ்டி கர்னலோடே வருகிறது. சேஞ்சருக்கான சிஎச் மாட்யூலையும் ஏற்றிப் பார்த்தேன். ரோபோவை இயக்கும் எம்டிஎக்ஸ் கட்டளைக்கு அதுகூட வேண்டாம், எஸ்ஜி என்ற பொதுவான ஸ்கஸி டிரைவர் போதும். ஸ்கஸி பட்டியலிலேயே வராத ஒன்றை எந்த டிரைவர் வந்து பிடிக்கும்? இது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. அதற்குள் கர்னலை வேறு மாற்றித் தொலைத்திருந்தேன்.

கதை இவ்வளவுதான். இந்த ஆட்டோலோடரில் ஒரே கேபிள், ஒரே முகவரி, உள்ளே இரண்டு பேர் குடித்தனம். அவர்களைப் பிரித்துச் சொல்லும் உள் எண்தான் லன்: லன் 0 டேப் டிரைவ், லன் 1 ரோபோ. எங்கள் சர்வரில் இருந்ததோ ரெய்டு கார்டு, பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து ஆள்வதற்கானது. அது லன் 0-ஐப் பார்த்ததோடு திரும்பிவிட்டது. ரெய்டு கார்டுகள் பலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. கையேட்டிலேயே போட்டிருந்தது, படிக்காதது என் தப்பு.

சரி, கருவிகளைச் சர்வரோடு நேராக இணைக்கும் சாதாரண கார்டான சாஸ் எச்பிஏ ஒன்றை வாங்கிக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கேட் பாஸில் கார்டின் சீரியல் நம்பர் இல்லையாம். "நாளெ பன்னி" என்றார் செக்யூரிட்டி. கன்னடத்தில் 'வாருங்கள்' என்ற மரியாதைதான். ஆனால் சில்க் போர்டு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்று வந்தவன் காதில் அது தமிழாகவே விழுந்தது.

மறுநாள் கார்டு உள்ளே போனது, கேபிள் சேரவில்லை. ஆட்டோலோடர் பக்கம் 8088 வகை சாக்கெட், புதுக் கார்டின் பக்கம் 8644 வகை. இரண்டு முனையும் வேறு வேறாக உள்ள கேபிள் எஸ்.பி. ரோட்டில் நாலாவது கடையில்தான் கிடைத்தது. இரண்டு சாக்கெட்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், வாயால் சொன்னால் வேறு எதையாவது கட்டிக் கொடுப்பார்கள்.

மாட்டினேன், மீடியம்எக்ஸ் வந்தது. மூன்றாம் ஸ்லாட் டேப்பை டிரைவ் 0-இல் போடச் சொல்லி 'எம்டிஎக்ஸ் லோட் 3 0' அடித்ததும் உள்ளே கை நகர்ந்தது. அந்தக் கரகர சத்தத்துக்குக் குளிர் அறையில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. ஸ்கிரிப்டில் சேஞ்சரின் பெயரை எஸ்ஜி3 என்று எழுதிவைத்தேன். ரீபூட் செய்ததும் சேஞ்சர் எஸ்ஜி5 ஆகிவிட்டது. இப்போது 'டேப்/பை-ஐடி' டைரக்டரியில் உள்ள பெயரைத்தான் போடுகிறேன், அது மாறுவதில்லை. டேப்பைத் திரும்ப ஸ்லாட்டில் வைக்கும் அன்லோட் அடம்பிடித்தால், டேப்பை டிரைவ் விடுவிக்க முதலில் 'எம்டி ஆஃப்லைன்' கொடுங்கள்.

அப்புறம் எஸ்டி0, டேப் டிரைவுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர். வேலை முடிந்து மூடும்போதெல்லாம் அது டேப்பை ஆரம்பத்துக்கே சுற்றிவிடும். அதே டிரைவின் இன்னொரு பெயரான என்எஸ்டி0 சுற்றாமல் நிற்கும். நான் முதலாவதைப் போட்டதில் செவ்வாய்க்கிழமை பேக்கப் திங்கள்கிழமையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, திங்களின் நகலை டிஸ்கிலிருந்து இன்னும் அழித்திருக்கவில்லை.