அம்மாவின் பெர்மிட்

போன புதன்கிழமை அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். எந்தக் கந்தோர் என்று எழுதப்போவதில்லை. வன்னியில் காணிப் பிரச்சினை உள்ள எல்லோரும் அந்த வாங்கில் ஒரு நாளாவது இருந்திருப்பார்கள். அரசாங்கம் காணிக்குத் தந்த, தாத்தாவின் பெயரில் இருக்கிற பெர்மிட்டை அம்மாவின் பெயருக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இது நான்காவது தடவை.

பெர்மிட்டை அம்மா ஒரு சொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு பைக்குள் வைத்திருப்பார். 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு ஓடும்போது நெல் மூட்டையை விட்டார், தையல் மெஷினை விட்டார், இதை மட்டும் விடவில்லை. மெனிக் பாம் முகாமில் தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தார். இப்போது மடிப்புகளில் கிழிந்து நாலு துண்டாகப் போகப் பார்க்கிறது, பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருக்கிறோம். தாத்தாவின் பெயரில் ஒரு எழுத்தை மழைத்தண்ணீர் கொண்டு போய்விட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கச்சி நல்ல பிள்ளைதான், மரியாதையாகத்தான் பேசியது.

"அம்மா, ஐயா பின்னுரித்து ஒருத்தருக்கும் எழுதேல்லையே. உங்களுக்குச் சகோதரம் இருக்கோ?"

"அண்ணன் ஒருத்தரு இருக்காரு. இந்தியாவுல."

"அப்ப அவற்ர கடிதம் வேணும்."

பின்னுரித்து என்றால், தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பெர்மிட்டில் எழுதிவைப்பது. காட்டை வெட்டியது தாத்தா. நாற்பது வருசமாக அந்த ஒரு ஏக்கரைப் பார்த்தது அம்மா. மாமா அந்தக் காணியைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனால் பெர்மிட் காணிக்கான சட்டத்தில் வாரிசு வரிசை இருக்கிறது, அதில் ஆண்பிள்ளைதான் முன்னுக்கு. 2022இல் திருத்தம் வந்து அதை எடுத்துவிட்டார்கள். தாத்தா செத்தது அதற்கு முன்னால். யாழ்ப்பாணத்தில் தேசவழமை என்ற வழக்கச் சட்டம் மகளுக்குச் சீதனமாகக் காணி கொடுக்கிறது, ஒல்லாந்தர் அதை 1707இல் எழுதிவைத்ததும் ஒரு சட்டம்தான். ஆனையிறவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் உறுதிக் காணி குறைவு, பெர்மிட் காணிதான் அதிகம். உறுதி இருப்பவன் சொந்தக்காரன். பெர்மிட் இருப்பவன், என்ன சொல்வது, அரசாங்கத்தின் காணியில் மரியாதையாகக் குடியிருப்பவன். விற்க ஏலாது, நினைத்தபடி ஈடு வைக்க ஏலாது.

இது எப்படி அரசாங்கத்தின் காணியானது? வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. இலங்கையில் 80 வீதத்துக்கு மேல் காணி அரசுக்குச் சொந்தம். அதன் வேரைத் தேடிப் போனால் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் போய் முட்டுகிறோம். காடு, தரிசு, ஆள் இல்லாத காணி, பயிர் இல்லாத காணி எல்லாம், வேறு யாருடையது என்று நிரூபிக்கும் வரைக்கும் பிரித்தானிய முடிக்குச் சொந்தம் என்று எழுதிவிட்டார்கள். சேனை செய்கிறவனை யோசித்துப் பாருங்கள். ஒரு துண்டை வெட்டி எரித்து ஒன்றிரண்டு போகம் விதைத்துவிட்டு, பிறகு பல வருசம் அப்படியே விட்டுவிடுவான், காடு திரும்ப எழும்பட்டும் என்று. அது சும்மா கிடக்கும் காணியில்லை, ஆறப்போட்ட காணி. ஆனால் குதிரையில் வரும் துரைக்கு அது வெறும் பற்றை. நிரூபிக்கக் கடதாசி கேட்டால் அவன் எங்கே போவான்?

ஏன் 1840? கோப்பி. மலைநாட்டில் காணி ஏக்கர் ஐந்து ஷிலிங்குக்குப் போன காலம் அது, சட்டம் போட்ட பெரிய அதிகாரிகளே வாங்கினார்கள். கோப்பிக்காகப் போட்ட வலையில் வன்னிக் காடும் சேர்ந்து விழுந்தது.

அக்கரையிலும் கிட்டத்தட்ட இதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் மலையகத்தில் இருந்து வந்த குடும்பம், அதற்கு முன்னால் திருச்சிப் பக்கம் என்று அப்பாயி சொல்லுவார். மெட்ராஸ் மாகாணத்தில் தாமஸ் மன்றோ கொண்டுவந்த ரயத்துவாரி முறையில் உழவன் நேரே சர்க்காருக்கு வரி கட்ட வேண்டும், காசாக. மழை பெய்தாலும் பொய்த்தாலும் தவணைக்கு வரி வந்தாக வேண்டும். பட்டா உள்ளவன் கடன்பட்டான், பட்டாவே இல்லாத எங்கள் ஆட்களைப் போன்றவர்களுக்கு இருந்தது கூலி மட்டும்தான். 1876 முதல் 1878 வரை பஞ்சம் வந்தபோது அந்தக் கூலியும் போனது. 50 லட்சத்துக்கு மேல் செத்தார்கள் என்று கணக்கு. நிவாரண வேலைத்தளத்தில் நாள் முழுக்க மண் சுமந்த ஆம்பிளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று, பஞ்சத்தைப் பார்க்க வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் தீர்மானித்தார். அதே நேரத்தில் ரயிலில் ஏறித் துறைமுகத்துக்குப் போன தானியம் கப்பலில் வெளிநாட்டுக்குப் போனது. ரயில் விட்டான், ரயில் விட்டான் என்று இன்றைக்கும் ஆட்கள் பெருமை சொல்லும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

அந்தப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்குள் வந்தார். முன்பணம் கொடுத்தார், அது பிறகு கடனானது. படகில் மன்னார்க் கரையில் இறக்கிவிட்டால் அங்கிருந்து மாத்தளைக்கு நடைதான், நூறு மைலுக்கு மேல். கரையில் இருந்து மதவாச்சி வரைக்கும் அது இந்த வன்னிக் காடுதான். தண்ணீர் இல்லை, வாந்திபேதி, காய்ச்சல், விழுந்தவரை விட்டுவிட்டு நடந்தார்கள். எங்கள் தாத்தாவின் தாத்தா தன் தங்கச்சியை வழியில் ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு வந்ததாக வீட்டில் ஒரு கதை உண்டு. என்ன மரம் என்று கூடச் சொல்லுவார்கள், பாலை மரம். இடம் தெரியாது. மடு ரோட்டால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் பாலை மரமாகப் பார்த்துக்கொண்டே போவேன், பைத்தியக்காரத்தனம்தான்.

சரி, எங்கள் இரணைமடுக் குளத்துக்கு வருவோம். இதையெல்லாம் சொன்னால் என் மச்சான் உடனே "இரணைமடு ஆர் கட்டினது? வெள்ளைக்காரன்தானே" என்பான். உண்மை. 1902இல் தொடங்கி 1920 வாக்கில் முடித்தார்கள், இன்றைக்கு நாங்கள் சாப்பிடும் சோற்றில் அந்தத் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்தார்கள். கட்டாய வேலை ஒழிந்தது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. அதோடு சேர்ந்து ஊரே கூடிக் குளக்கட்டைத் திருத்துகிற வழக்கமும் போனது, போன இடத்தில் வேறு ஒன்றையும் வைக்கவில்லை. மெட்ராஸ் பக்கம் குடிமராமத்து இப்படியே தேய்ந்துபோக, 1858இல் கட்டாய வேலைக்கென்றே ஒரு சட்டம் போட்டு அதை உயிர்ப்பிக்கப் பார்த்தார்கள். பெருங்குளம் கட்டியதற்கு மச்சான் நன்றி சொல்லட்டும், அதுவரைக்கும் தூர்ந்துபோன சின்னக் குளங்களின் கணக்கையும் யாராவது கேட்கத்தானே வேண்டும்.

பெர்மிட்டைத் தந்த சட்டம் 1935இல் வந்தது, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அப்போது விவசாய, காணி அமைச்சர் டி.எஸ். சேனநாயக்க. ஏழை விவசாயி காணியை விற்றுவிடக் கூடாது, துண்டாக்கக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் சொன்னார்களாம். முடிக்குரிய காணி என்ற அடிப்படையை மட்டும் யாரும் தொடவில்லை. அதே சேனநாயக்க பிரதமராகி 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம்தான் எங்கள் தாத்தாவை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நாடற்ற ஆட்களை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்தபோது மாமா அந்தப் பக்கக் கணக்கில் போனார், தாத்தா இங்கே நின்றார். 77 கலவரத்தில் தோட்டத்து லயம் எரிந்து, மாத்தளையில் இருந்து அவர் வன்னிக்கு வந்தார். அவருடைய தாத்தா நடந்த பாதையில் பாதி தூரம், இந்த முறை லொறியில், எதிர்ப்பக்கமாக. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் பக்கம் கேட்டுப்பாருங்கள், வீட்டுக்கு வீடு இந்தக் கதைதான்.

அன்றிரவு மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தோம். அம்மா விஷயத்தைச் சொன்னார். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"எங்கிட்டயா கையெழுத்துக் கேக்குறாங்க? நாப்பது வருசமா இருக்குற எங்க வீடே புறம்போக்குல இருக்கு தங்கச்சி, பட்டாவுக்கு நான் இன்னும் தாலுகா ஆபீசுக்கு அலையுறேன்."

கடிதம் எழுதித் தருகிறேன் என்றார். நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைத்ததாக இருக்க வேண்டும் என்று அந்தத் தங்கச்சி சொன்னதை அம்மா இரண்டு தரம் சொன்னார். அங்கே அதற்கு நோட்டரி என்று சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது, திரும்ப எடுத்தோம், போன் ஓஃப்.