நாலாவது கொப்பி

எங்கள் சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடலில் நன்றியுரை என் தலையில் விழுந்து ஒன்பது வருடமாகிறது. நன்றியுரை எப்போது வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பிரதம விருந்தினர் பேசி, பிள்ளைகளின் நடனம் முடிந்து, கொத்துரொட்டி வாசம் மண்டபத்துக்குள் வந்துவிட்ட பிறகுதான். நான் மைக்கைப் பிடிக்கும்போது எனக்கு முன்னால் கதிரைகள் மட்டும் இருக்கும். மண்டபம், ஒலி ஒளி, மலர் அச்சிட்டவர், அனுசரணையாளர்கள் என்று தாளில் உள்ளதை மூன்று நிமிடத்தில் வாசித்துவிட்டு நானும் சாப்பாட்டு வரிசையில் போய் நிற்பேன்.

போன வருடம் அந்த வரிசையில் நிற்கும்போது மகள் கேட்டாள்: "அப்பா, நீங்க தாங்ஸ் சொன்ன ஆக்களில எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?"

பாதிப்பேரைத் தெரியாது. தெரிந்த ஒருவரின் பெயர் அந்தத் தாளில் ஒருநாளும் இருந்ததில்லை. அவவைப் பற்றித்தான் இது.

பள்ளிக்கூடத்து நூலகத்தில் உதவியாளராக இருந்தவ. நாங்கள் லைப்ரரி அக்கா என்போம். நான் உயர்தரம் படித்தது 1994, 95இல். யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று நாலைந்து வருடமாகியிருந்தது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தடை. பத்திரிகையைக் கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்து விற்ற காலம். படிப்பு எல்லாம் சிக்கன விளக்கில்தான். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்தப் போத்தலையே சிமினியாக்கிக்கொள்வது. ஒரு விளக்கைச் சுற்றி மூன்று தலை. யாருடைய தலைமயிராவது கருகின மணம் வந்தால் அன்றைக்குப் படிப்பு முடிந்தது என்று அர்த்தம்.

புத்தகத்தை விடப் பெரிய தட்டுப்பாடு பாஸ் பேப்பருக்கு, அதாவது முந்தின வருடங்களின் பரீட்சை வினாத்தாள்களுக்கு. ஜெனரேற்றர் வைத்துப் போட்டோக்கொப்பி அடித்த கடைகள் இருந்தன. ஆனால் அங்கே ஒரு பக்கத்துக்குக் கேட்ட காசு எங்கள் வீட்டில் இல்லை. லைப்ரரி அக்கா என்ன செய்தா என்றால், பின்னேரங்களில் நூலகத்தைப் பூட்டாமல் இருந்து, பழைய இரசாயனவியல் வினாத்தாள்களைக் கையாலேயே எழுதினா. பழைய பதிவேட்டுத் தாளின் பின்பக்கத்தில், நடுவே காபன் வைத்து, ஒரே தடவையில் நாலு கொப்பி, அதாவது நாலு பிரதி. காபனும் கிடைக்காத பொருள்தான். ஓட்டை விழும்வரை அதையே பாவிப்பா. அழுத்தி அழுத்தி எழுதியதில் அவவின் நடுவிரலில் ஒரு காய்ப்பு இருந்தது. பதில்களைத் தர மாட்டா. "அது உங்கட மாஸ்டரிட்டக் கேளுங்கோ" என்பா.

ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறா என்று ஒருநாள் கேட்டேன். அவ பள்ளிக்கூடம் போன காலத்தில் யாழ் பொது நூலகத்தில் அங்கத்தவராம். 1981 ஜூன் தொடக்கத்தில் ஒருநாள் விடியும்போது அது எரிந்து கிடந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள், வேறு எங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அதற்குள். "நாலாய் இருந்தா ஒண்டு போனாலும் மூண்டு இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருந்தா.

சரி, இதில் என்னுடைய மனக்குறையையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு எப்போதும் நாலாவது கொப்பிதான் வரும். காபனின் கடைசித் தாள். எழுத்து பூனை நடந்த தடம் மாதிரி இருக்கும். இரசாயனச் சூத்திரத்தில் கீழே சின்னதாகப் போடும் இலக்கம் 2 ஆ 3 ஆ என்று கண்டுபிடிக்க முடியாது. வலுவளவை, அதாவது ஓர் அணு எத்தனை பிணைப்பு வைக்கும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டு, சமன்பாட்டைச் சமப்படுத்திப் பார்த்துத்தான் அந்த இலக்கத்தை முடிவு செய்வேன். முதல் கொப்பி வாங்கிய நண்பன் ஐந்து கேள்வி முடிக்கும்போது நான் இரண்டாவது கேள்வியை வாசித்துக்கொண்டிருப்பேன். நான் பெரிய வீட்டுப் பிள்ளை இல்லை என்றபடியால்தான் இப்படி என்று உள்ளுக்குள் ஒரு கோபம். அக்காவிடம் கேட்கும் துணிச்சலும் வரவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரும் சேர்ந்த வலிகாமப் பகுதி முழுவதும் வெளிக்கிட்டபோது, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி விடிய விடிய ஊர்ந்த சனத்துக்குள் நாங்களும் இருந்தோம். அம்மா அரிசியையும் காணி உறுதிகளையும் எடுத்தா. நான் அந்தத் தாள்களை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வயிற்றோடு கட்டியிருந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், தென்மராட்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஆறு மாதம் அவற்றை வைத்தே படித்தேன். அப்புறம் ஊர் திரும்பி, பரீட்சை எழுதி, கொழும்பு, கனடா. இன்று ஒரு மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை. இந்தப் பகுதியை நீட்டத் தேவையில்லை. உங்களில் பலருடைய கதையும் இதேதான்.

மகள் அப்படிக் கேட்டதற்குப் பிறகு ஊருக்குப் போனேன். கொழும்பிலிருந்து ரயிலில்தான் போனேன். 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014இல் திரும்ப யாழ்ப்பாணம் வரத் தொடங்கியதிலிருந்து எனக்கு அதில் ஏற வேண்டும் என்று ஆசை. அக்கா ஓய்வு பெற்று எத்தனையோ வருடம். தங்கையோடு இருக்கிறா. என்னைக் கண்டவுடன் பெயரைச் சொல்லவில்லை, "நாலாவது கொப்பி!" என்றா.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது, இத்தனை வருடத்துக்குப் பிறகும். சிரித்தபடிதான் கேட்டேன். "ஏனக்கா எப்பவும் எனக்கு மட்டும் அந்த மங்கல் கொப்பி?"

"முதல் கொப்பிக்காரனுக்குக் கண்ணாடி உடைஞ்சு போய்க் கிடந்தது. மாத்த வழியில்லை. ரெண்டாவது கொப்பிக்காரன்ர வீட்டில விளக்கே இல்லை, கோயில் வெளிச்சத்தில படிச்சவன். மூண்டாவது பிள்ளைக்குப் பின்னேரத்தில கடையில வேலை, நித்திரைத் தூக்கத்திலதான் வாசிக்கும். உமக்குக் கண்ணும் இருந்தது, விளக்கும் இருந்தது. வேற ஆருக்குக் குடுக்கிறது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. ஒன்பது வருடம் மேடையில் நன்றி சொன்ன வாய், அந்தத் திண்ணையில் இருந்து ஒரு வார்த்தைக்குத் தடுமாறியது. எங்கள் ஆட்களிடம் நேருக்கு நேர் நன்றி சொல்வது எவ்வளவு கூச்சமான வேலை! கடைக்காரனுக்குச் சொல்லலாம், அம்மாவுக்குச் சொல்ல முடியுமா? கடைசியில் ஒருமாதிரிச் சொல்லிவிட்டேன். அவ தலையைக் குனிந்துகொண்டு, "சரி சரி, தேத்தண்ணி ஆறுது, குடியும்" என்றா. கொண்டுபோன காசு உறையை நான் எடுக்க முன்னமே கண்டுவிட்டு, "அதை உள்ள வையும். வேணுமெண்டா லைப்ரரிக்குப் புத்தகம் வாங்கிக் குடும். ஒண்டு வாங்காதையும், நாலு வாங்கும்" என்றா.

படலை வரைக்கும் வந்தபோது, சங்க மலரில் உங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன்.

"எழுதும். பேரைக் கீரைப் போட்டிடாதையும்."

அதனால்தான் பெயர் இல்லை. அந்த நூலகத்தில் பின்னேரம் இருந்தவர்களுக்கு அது தேவையும் இல்லை.