முதல் ஆண்டுக் கட்டணத்தோடு கணக்கை முடித்துவிடாதீர்கள்

நான்கு ஆண்டுப் படிப்புக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்ற ஒரே கேள்விக்கு ஒரு தனியார் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் பதில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அக்காள் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பாம்பனில் மச்சான், பிடிக்கும் மீனில் கிடைக்கும் பங்குக்காக விசைப்படகில் போகிறவர். பல்கலைக்கழகங்கள் பணம் கேட்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் எங்கள் கரையில் விசைப்படகுகள் அத்தனையும் கட்டிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். "இடம் வேண்டுமென்றால் இரண்டு நாளில் இருபத்தைந்தாயிரம் கட்டுங்கள்" என்று சென்னைத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் சொன்னபோது மச்சான் கிழிந்த வலையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து இது என் வேலையாயிற்று.

அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால்தான். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்தால் கிடையாது. இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், கணக்கே மாறிவிடும். கலந்தாய்வுக்கும் விண்ணப்பித்துவிட்டு, சென்னை, கோவை, பெங்களூரு என்று மூன்று ஊர்ப் பல்கலைக்கழகங்களையும் நோட்டில் கட்டம் போட்டு ஒப்பிட்டோம்.

கல்விக் கட்டணம் என்ற முதல் கட்டம் எளிதில் நிரம்பியது. மற்றவைதான் பாடாய்ப் படுத்தின. சென்னையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவு எழுத்தரிடம் முழு விவரம் கேட்டேன். வழவழப்பான கையேட்டை நீட்டினார். தேர்வுக் கட்டணம் இதில் அடக்கமா? "அது தனி சார்." வேலைவாய்ப்புப் பயிற்சி? "அதுவும் தனி." விடுதி? "ஏசி இல்லாத அறை எல்லாம் முடிந்துவிட்டது சார்." உணவுக்கூடம் கட்டாயம், சலவைக்குத் தனிப் பணம், முன்வைப்புத் தொகை வேறு. வாரத்தில் ஒரு நாள் வஞ்சிரம் உண்டு என்று பெருமையாகச் சொன்னார். பாம்பன்காரியிடம்! மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

கால் பங்கு கட்டணச் சலுகை என்று சொன்னதை நம்பி நான்கால் பெருக்கிவிடாதீர்கள். ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: முதல் ஆண்டுக்கு மட்டும் உறுதி; அதன்பின் அரியர் இல்லாமல், அவர்கள் சொல்லும் மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்தால்தான். சலுகை இல்லாமலும் ஒரு வரி போட்டுப் பாருங்கள். எங்கள் நோட்டில் கல்விக் கட்டணம் மிகக் குறைவாக இருந்த இடம், மொத்தச் செலவைக் கூட்டியதும் மலிவு வரிசையில் பின்னுக்குப் போய்விட்டது. ஊருக்கு வந்துபோகும் செலவையும் சேருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு ஒரே ரயிலில் இரவோடு இரவாகப் போய்விடலாம். பெங்களூருக்கு அவ்வளவு எளிதில்லை.

"அசல் சான்றிதழ்களை வைத்துவிட்டுப் போங்கள்" என்றார் எழுத்தர். ஜூலையில் கலந்தாய்வு இருக்கும்போது எப்படி வைப்பது? பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சரிபார்த்துவிட்டு அசலைத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அதில் செயல்பாட்டுச் செலவுக்கென்று மட்டும் பிடித்துக்கொள்ளலாம், அதுவும் அதிகபட்சம் 5,000 ரூபாய்தான். அறிவிப்பை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்ததும் எழுத்தர் அசலைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

கலந்தாய்வில் விரும்பிய பாடம் எட்டவில்லை. கூட்டிக் கழித்ததில் சென்னையிலுள்ள இதே தனியார் பல்கலைக்கழகம்தான் மிஞ்சியது. உடனே கல்விக்கடன். வங்கி மேலாளர் சேர்க்கைக் கடிதத்தைப் புரட்டிவிட்டு, "முதல் ஆண்டுதானே இருக்கிறது? நான்கு ஆண்டும் தனித்தனியாக, விடுதியோடு, லெட்டர் பேடில் வேண்டும்" என்றார். மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. மறுபடி சென்னை. அதே எழுத்தர்: "அடுத்த ஆண்டுக் கட்டணத்தை இப்போதே எப்படி சார் சொல்வது?" மதியம்வரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

பக்கத்தில் காத்திருந்த மதுரைக்காரர்தான் வழி சொன்னார்: "இங்கே கேட்காதீர்கள், மாடியில் நிதிப் பிரிவு இருக்கிறது." வங்கிக்கென்றே அச்சடித்த படிவம் அங்கே கட்டுக்கட்டாக இருந்தது! தேநீர் ஆறும் நேரத்தில் முத்திரையோடு கையில் வந்தது. கீழே இருந்தவருக்கு இது தெரியாது என்று நம்ப நான் தயாராக இல்லை. கடன் கேட்பவர்கள் நேராக நிதிப் பிரிவுக்கே போங்கள். மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டத்தில் விண்ணப்பிப்பதாக இருந்தால், பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முன்னாலேயே பாருங்கள்.

கல்விக் கட்டணம் வங்கியிலிருந்து போய்விடும். விடுதிப் பணம் கையிலிருந்து. அதன் இரண்டாம் தவணை டிசம்பரில் என்று போட்டிருந்தார்கள். எங்களுக்கு அது பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறும் பருவம். படகு போகாது, பங்கும் வராது. தடைக்காலம் முடிந்து இறால் கிடைக்கும் மாதங்களில்தான் கையில் நாலு காசு நிற்கும். செப்டம்பருக்கு மாற்றித் தரச் சொன்னேன். நிதிப் பிரிவு அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முன்னதாகக் கட்டுகிறேன் என்று கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று சொல்லித் தேதியைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளையும் நகலெடுத்து வைத்திருக்கிறேன்.