போடியாரைக் கொன்றது யார்?

மட்டக்களப்பு கல்லடியில் வாவியோரம் உள்ள ஒரு சிறிய ஹோட்டலின் விருந்து மண்டபம் என் பொறுப்பில் இருக்கிறது. கல்யாணம், பிறந்தநாள், அலுவலக ஒன்றுகூடல் என்று பழகிய மண்டபம். அதில் இரவுச் சாப்பாட்டோடு ஒரு கொலைக் கதை நடிக்க வேண்டும், வந்தவர்களே கொலையாளியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நாடகம் படித்த பிள்ளைகள் சிலர் வந்து கேட்டார்கள். எனக்குக் கேட்டவுடனேயே பிடித்துவிட்டது.

சூப் முடிவதற்குள் ஒருவர் இறந்துபோவார். பிறகு சந்தேகத்துக்குரியவர்கள் மேசை மேசையாக வந்து உட்காருவார்கள், யாரும் எதையும் கேட்கலாம். கொலையாளி மட்டும் பொய் சொல்லலாம். இனிப்பு வருவதற்கு முன் ஒவ்வொரு மேசையும் ஒரு பெயரையும் காரணத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவர்கள் எழுதிக் கொண்டுவந்த கதையில் விளக்கு அணையும், துப்பாக்கி வெடிக்கும், ஒரு பெண் அலறுவாள். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. இருட்டில் வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். 2019 உயிர்த்த ஞாயிறு காலையில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததை இளையவர்களும் மறக்கவில்லை. “சத்தம் இல்லாட்டி சனம் திரும்பிப் பாக்காது அண்ணன்” என்றான் இயக்கிய தம்பி. “பாக்கும் மனே, செத்தது ஆரெண்டு தெரிஞ்சா பாக்கும்” என்றேன். சாப்பாட்டில் நஞ்சு என்பதைச் சமையல்காரர் ஒரேயடியாக மறுத்தார், அதுவும் நியாயம்தான். கடைசியில் இறப்பவர், நிறைய வயல்காணி வைத்திருக்கும் ஒரு போடியார் ஆனார். இதயத்துக்குப் போடும் குளிசையை யாரோ மாற்றிவிட்டார்கள். மனுஷன் கதிரையில் இருந்தபடியே சாய்வார், அவ்வளவுதான்.

மேடையையும் எடுத்துவிட்டோம். வட்டக்களரியில், நான்கு பக்கமும் சனம் சூழ்ந்திருக்க, விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர் இது. மேசைகளை வட்டமாகப் போட்டு நடிகர்களை நடுவில் விட்டோம்.

வேலை என்று பார்த்தால் பாதிச் சுமை பரிமாறும் பிள்ளைகளின் மேல்தான். பஃபே வைத்தால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், கதை அறுந்துபோகும். அதனால் மேசைக்கே கொண்டுபோனோம். நண்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், நண்டு உடைக்கிற கையால் பேனா பிடிக்க முடியாது. இடியப்பத் தட்டோடு மருந்துச் சீட்டு போகும், சோற்றோடு சீதன உறுதியின், அதாவது சீதனக் காணிப் பத்திரத்தின், நகல் போகும். இன்னொன்றும் பேசி வைத்தோம். உண்மையிலேயே யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அதையும் நடிப்பென்று நினைத்துவிடுவார்களே! அதனால் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தால் நாடகம் நின்றுவிட்டது என்று வாசலிலேயே எல்லோருக்கும் சொன்னோம்.

போடியாரோடு சண்டை பிடித்த மகன்மேல்தான் முதலில் எல்லோருக்கும் சந்தேகம். போடியாரின் வயலில் வேலை செய்யும் முல்லைக்காரனையும் இரண்டு மேசை பிடித்துக்கொண்டது. மூத்த மருமகனாக நடித்த பிள்ளை ஒரு வயதான அம்மாவிடம் போய் உட்கார்ந்தபோதுதான் கதை திரும்பியது. “ஆர் மனே குளிசை எடுத்துக் குடுத்த?” என்று மெதுவாகத்தான் தொடங்கினார். பிறகு உறுதியைக் கையில் எடுத்து, பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “வீடும் வளவும் பொம்புளப் பிள்ளையளுக்குத்தானே. மகன் கொன்று என்ன லாபம்? இளையவளுக்குக் கல்யாணம் வந்தா இவர் செய்யிற வயல்தான் பாதியாகும்.”

பழைய மட்டக்களப்புக் குடும்பங்களில் சொத்து தாய்வழியில் பெண்களுக்கு இறங்கும். மாப்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போவார். இதைத் தனியாக விளக்கும் வசனம் கதையில் ஒன்றும் இல்லை, அந்த அம்மாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் எழுதியதை வெட்டினார்கள். எதிர்மேசையில் இருந்த வழக்கறிஞர் ஒருவர், உறுதியில் சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று கேட்டு எழுந்தே வந்துவிட்டார். சோறு ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை.

தயிரும் பாணியும் வந்தபோது மருமகன் ஒப்புக்கொண்டார். அந்த அம்மா விடவில்லை. போடியாரின் மூத்த மகளுக்கு இது முன்னமே தெரியுமா என்று கேட்டார். அதற்குக் கதையில் பதில் இல்லை. தம்பி குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அடுத்த முறை மகளுக்கும் ஒரு பாத்திரம் எழுதுகிறான்.